உங்கள் ஊர் நிலையத்தைக் கைவிடாதீர்கள்
பிரிட்டிஷ் தொடர்களை நேசிக்கும் அமெரிக்க நேயர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நேயர்களே,

நானும் உங்களில் ஒருவர்தான். அமெரிக்க ஊர் ஒன்றில் குடியிருந்துகொண்டு, யார்க்‌ஷயர் காவல் நிலையத்தில் என்ன நடக்கிறது, கிழக்கு லண்டன் மருத்துவச்சிகள் இன்று யார் வீட்டுப் பிரசவத்துக்குப் போகிறார்கள் என்பதையெல்லாம் அக்கறையோடு பின்தொடர்பவர்கள் நாம். நம்மில் பலர் ‘டவுன்டன் ஆபி’ வழியாக உள்ளே வந்தவர்கள். சிலர் ‘ஷெர்லாக்’ வழியாக. மூத்தவர்கள் ‘அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்’ காலத்திலிருந்து இருக்கிறார்கள். கேக் சுடும் போட்டியைப் பார்க்க வந்து, அப்படியே தங்கிவிட்ட இளைஞர்களும் உண்டு.

இந்த மடலை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம், பொது ஒலி-ஒளிபரப்புக்கென்று ஏற்கெனவே ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்தை ஊர் ஊராகப் பகிர்ந்தளித்துவந்த பொது ஒலி-ஒளிபரப்புக் கழகம், அடுத்த மாதமே தன் பணிகளை முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. 1967இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்த அமைப்பு அது. நெட்ஃபிளிக்ஸிலும் பிரிட்பாக்ஸிலும் ஏகார்ன் டிவியிலும் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு இந்தச் செய்தி தூரத்துச் சங்கதியாகத் தோன்றலாம். அது நம் வீட்டுச் செய்தி. நாம் நேசிக்கும் இந்தத் தொடர்கள் அட்லாண்டிக்கைக் கடந்து வந்த பாதையை அமைத்தவை நம் ஊர்களின் சிறிய பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள். அந்தப் பாதை எப்படி உருவானது என்று தெரிந்தால், அதைக் காக்க வேண்டும் என்று யாரும் உங்களிடம் வற்புறுத்த வேண்டியிருக்காது.

கதை ‘தி ஃபோர்சைட் சாகா’வில் தொடங்குகிறது. ஜான் கால்ஸ்வொர்தியின் நாவல்களை வைத்து பிபிசி 1967இல் எடுத்த 26 பகுதிக் கறுப்பு வெள்ளைத் தொடர் அது. இங்கே 1969இல் கல்வித் தொலைக்காட்சி நிலையங்களில் வந்தது. வகுப்பறைப் பாடங்களும் உரையாடல்களும்தான் அந்த நிலையங்களில் இருக்கும் என்று எண்ணியிருந்தவர்கள், ஒரு குடும்பத்தின் சொத்துச் சண்டையையும் முறிந்த திருமணங்களையும் பார்ப்பதற்காக வாரம் தவறாமல் உட்கார்ந்தார்கள். போஸ்டன் பொதுத் தொலைக்காட்சியான டபிள்யூஜிபிஎச்சின் தலைவராக இருந்த ஸ்டான்ஃபோர்ட் கால்டர்வுட் இதைக் கவனித்தார். இப்படிப்பட்ட தொடர்களுக்கென்றே நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்று முனைந்தார். மொபில் எண்ணெய் நிறுவனம் பணம் தர முன்வந்தது. 1971 ஜனவரி 10ஆம் தேதி ‘மாஸ்டர்பீஸ் தியேட்டர்’ பிறந்தது. முதல் தொடர் ‘தி ஃபர்ஸ்ட் சர்ச்சில்ஸ்’.

எண்ணெய் நிறுவனம் தன் பெயருக்கு மெருகேற்றிக்கொள்ளத்தான் பணம் கொடுத்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணத்தில் எதைக் காட்டுவது என்று தேர்ந்தவர்கள் போஸ்டனில் இருந்த தொலைக்காட்சிக்காரர்கள். ஜோன் வில்சன், அவருக்குப் பின் 1985 முதல் ரெபெக்கா ஈட்டன் என்று, லண்டனில் வெளியாவதையெல்லாம் பார்த்து, “இது நம் நேயர்களுக்குப் பிடிக்கும், இதை அவர்கள் பார்த்தே ஆக வேண்டும்” என்று முடிவெடுத்த ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள்.

தேர்ந்தெடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. நாற்காலியில் ஒரு மனிதரையும் உட்காரவைத்தார்கள். அலிஸ்டர் குக், இங்கிலாந்தின் சால்ஃபர்டில் பிறந்து 1941இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 1946 முதல் 2004 வரை பிபிசி வானொலியில் வாராவாரம் அமெரிக்காவைப் பற்றி பிரிட்டிஷ் மக்களுக்கு எடுத்துச் சொன்னவர். அதே மனிதர் 1971 முதல் 1992 வரை ஞாயிறு இரவுகளில் நமக்கு பிரிட்டிஷ் கதைகளை அறிமுகம் செய்தார். ‘ஐ, கிளாடியஸ்’ தொடங்கும்போது ரோமானிய அரச குடும்பத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று புரியாமல் திகைக்க வேண்டியதில்லை, குக் இருந்தார். 1984 டிசம்பரில் ‘தி ஜுவல் இன் தி கிரவுன்’ வந்தபோது, இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி ஆண்டுகளைப் பற்றி அதிகம் அறிந்திராத வீடுகளுக்கு அந்தக் காலத்தை விளக்கிச் சொல்லும் வேலையும் அவருடையதாயிற்று. சில நிமிடங்கள் பேசுவார், நேயர் கதைக்குள் நுழையத் தேவையானதைச் சொல்வார், விலகிக்கொள்வார். அந்நிய நாட்டுக் கதையை ரசிக்க வேண்டும் என்றால் வாசலில் நின்று வரவேற்க ஒருவர் தேவை என்பதை அந்த நிகழ்ச்சி புரிந்துவைத்திருந்தது.

அதே காலத்தில் அமெரிக்கப் பெரிய அலைவரிசைகள் பிரிட்டனை எப்படி அணுகின என்பதையும் பாருங்கள். அவை கதையின் கருவை வாங்கி, ஆட்களை மாற்றி, ஊரை மாற்றி எடுத்தன. ‘டில் டெத் அஸ் டு பார்ட்’ 1971இல் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ ஆயிற்று. ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ அடுத்த ஆண்டு ‘சான்ஃபோர்ட் அண்ட் சன்’ ஆயிற்று. ‘மேன் அபவுட் தி ஹவுஸ்’ 1977இல் ‘த்ரீஸ் கம்பெனி’ ஆயிற்று. இவற்றில் சில தம்மளவில் மகத்தான படைப்புகள். ‘ஆல் இன் தி ஃபேமிலி’யின் ஆர்ச்சி பங்கரை யார் மறப்பார்கள்? ஆனால் அவற்றைப் பார்த்துச் சிரித்த கோடிக்கணக்கானவர்களில் பலருக்கு மூலம் லண்டனில் இருக்கிறது என்பதே தெரியாது. மூலத்தை அதன் முகத்தோடும் குரலோடும் காட்டலாம், அமெரிக்க நேயருக்கு அது புரியும் என்று நம்பியவை பொது நிலையங்கள்.

அந்த நம்பிக்கைக்கு டல்லஸ் நகரம் ஒரு சாட்சி. ‘மான்ட்டி பைதான்ஸ் ஃபிளையிங் சர்க்கஸ்’ பிபிசியில் 1969 முதல் 1974 வரை ஓடிய நகைச்சுவை நிகழ்ச்சி. கதைப் போக்கு கிடையாது. ஒரு காட்சி முடிவதற்குள் இன்னொன்று தொடங்கிவிடும். அமெரிக்காவில் இது எடுபடாது என்பதே தொழிலில் இருந்தவர்களின் முடிவு. டல்லஸின் கேஇஆர்ஏ நிலையத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக இருந்த ரான் டெவிலியர் நாடாக்களை வரவழைத்துப் போட்டுப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 1974இல் துணிந்து ஒளிபரப்பினார். டெக்சஸ் மக்கள் கொண்டாடினார்கள். பார்த்துக்கொண்டிருந்த மற்ற ஊர் நிலையங்களும் வாங்கின. நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சலீஸிலோ உட்கார்ந்திருந்த பெரிய முதலாளிகள் கண்டுபிடித்ததல்ல மான்ட்டி பைதான். ஓர் ஊர் நிலையத்தில், ஒருவருடைய ரசனையில் அது பிழைத்தது.

பிறகு நடந்ததுதான் இன்னும் முக்கியம். அந்த வெற்றியைக் கண்ட ஏபிசி அலைவரிசை, 1975இல் பைதான் பகுதிகளை மும்மூன்றாகச் சேர்த்துத் தலா 90 நிமிடச் சிறப்பு நிகழ்ச்சிகளாக்கத் திட்டமிட்டது. விளம்பரங்களுக்கு இடம் வேண்டும். சில வரிகள் நேயர்கள் மனத்தைப் புண்படுத்தும் என்ற அச்சம் வேறு. 90 நிமிடத்தில் 24 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். நகைச்சுவையின் தொடக்கம் இருக்கும், முத்தாய்ப்பு இருக்காது. பைதான் குழுவினர் நீதிமன்றம் போனார்கள். 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அனுமதியில்லாமல் இப்படிச் சிதைத்துவிட்டு அவர்கள் பெயரிலேயே ஒளிபரப்புவது அவர்களின் உரிமையை மீறுவதாகும் என்று சொன்ன அந்தத் தீர்ப்பை அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஒரே படைப்பு, ஒரே நாடு, ஊர் நிலையம் முழுதாகக் காட்டியது, பெரிய அலைவரிசை நறுக்கிக் காட்டியது. யாரிடம் ஒப்படைப்பது என்பதில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது பாருங்கள்.

1980களிலும் 90களிலும் இந்த உறவு இன்னும் நெருங்கியது. நீண்ட கழுத்துத் துண்டு போட்ட டாம் பேக்கரின் ‘டாக்டர் ஹூ’வைப் பொது நிலையங்கள் இரவுகளில் போட்டன, அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ரசிகர் மன்றம் வைத்தார்கள், நன்கொடை திரட்டும் வாரங்களில் நிலையத்துக்கே போய்த் தொலைபேசி எடுத்தார்கள். சனிக்கிழமை இரவென்றால் ‘ஆர் யூ பீயிங் சர்வ்ட்?’, ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’, ‘ஆஸ் டைம் கோஸ் பை’ என்று வரிசையாக வரும். பிரிட்டனில் எப்போதோ முடிந்துபோன தொடர்கள் இங்கே சிறு ஊர்களில் ஆண்டுக்கணக்கில் ஓடின. அயோவாவிலும் ஒஹையோவிலும் இருந்த முதியவர்களுக்கு, ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ நாயகி ஹயசிந்த் பக்கெட்டின் போலிப் பெருமை தங்கள் உறவுக்கார அம்மாள் ஒருவரை நினைவூட்டியது. பட்டியல் போட்டு வைத்தது ஏதோ கணக்கீடு இல்லை. “எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கிறது, மறுபடி போடு” என்ற ஓர் ஊர் நிலையத்தின் அக்கறை.

இந்தத் தொடர்களில் நம்மைப் பிடித்து இழுத்தது எது என்று அடிக்கடி யோசிப்பேன். உச்சரிப்பின் அழகு, பழைய மாளிகைகள், தேநீர்க் கோப்பைகள் என்பார்கள். அவையும் உண்டுதான். ஆனால் ஆழமான காரணம் அவற்றின் அளவில் இருக்கிறது. ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ மொத்தமே 12 பகுதிகள். ஜான் கிளீசும் கானி பூத்தும் சேர்ந்து எழுதினார்கள். 1975இல் ஆறு, 1979இல் ஆறு, அவ்வளவுதான். ரிக்கி ஜெர்வேசும் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட்டும் எழுதிய ‘தி ஆபீஸ்’ 12 பகுதிகளோடும் இரண்டு பகுதிக் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியோடும் முடிந்தது. அதை அமெரிக்காவில் மறுபடி எடுத்தபோது 201 பகுதிகள் வந்தன. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொழிலில் நூறு பகுதிகளை எட்டினால்தான் மறு ஒளிபரப்புக்கு விற்று லாபம் பார்க்க முடியும் என்பது நெடுங்கால வழக்கம். அதற்கு ஓர் அறை நிறைய எழுத்தாளர்கள் வேண்டும். பிரிட்டனிலோ ஒருவரோ இருவரோ எழுதுவார்கள். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் நிறுத்திக்கொள்வார்கள். ஒரு மனத்திலிருந்து புறப்பட்ட கதை அது என்பதை நம்மால் உணர முடிகிறது. ஃபீபி வாலர்-பிரிட்ஜின் ‘ஃபிளீபேக்’ 12 பகுதிகளில் முடிந்தபோது நமக்கு ஏற்பட்ட நிறைவும் ஏக்கமும் அதனால்தான்.

அடுத்தது, இடம். சாலி வெயின்ரைட்டின் ‘ஹேப்பி வேலி’ மேற்கு யார்க்‌ஷயரின் பள்ளத்தாக்கில்தான் நடக்க முடியும். ‘வேரா’ நார்தம்பர்லேண்டின் காற்றோடு வருகிறாள். ‘டெர்ரி கேர்ள்ஸ்’ பிள்ளைகளின் பேச்சு வட அயர்லாந்தின் அந்த ஒரு நகரத்துக்கே உரியது. நம்மில் பலர் சப்டைட்டில் போட்டுப் பார்க்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்களின் பேச்சை நமக்காகத் தட்டையாக்கச் சொல்லாமல் நாம் ஒரு படி ஏறிப் போய்க் கேட்கிறோம். நேயர் தரும் மரியாதை அது. 2013இல் ஐடிவியில் வந்த ‘பிராட்சர்ச்’ தொடரை, அதே டேவிட் டெனன்ட்டை அமெரிக்க உச்சரிப்பில் பேசவைத்து ஃபாக்ஸ் ‘கிரேஸ்பாயின்ட்’ என்று மறுபடி எடுத்தது. ஒரே பருவத்தோடு நின்றுபோனது. அந்த டோர்செட் கடற்கரைப் பாறைகளைப் பார்த்துவிட்ட நேயருக்கு மூலமே போதுமானதாக இருந்தது.

2011 ஜனவரியில் ‘டவுன்டன் ஆபி’ வந்தது. பிரிட்டனில் ஐடிவியில் இலையுதிர் காலத்தில் வரும். இங்கே பொது நிலையங்களின் கூட்டமைப்பான பிபிஎஸ்ஸில் ஜனவரியில் வரும். 2012 கிறிஸ்துமஸ் அன்று பிரிட்டிஷ் வீடுகள் ஒரு முக்கியப் பாத்திரத்தின் மரணத்துக்காக அழுதபோது, பிப்ரவரி வரை அந்தச் செய்தி நம் காதில் விழாமல் காப்பது பெரும்பாடாக இருந்தது. 2013 நவம்பர் 23ஆம் தேதி ‘டாக்டர் ஹூ’வின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பகுதி 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பானது. காத்திருப்பு குறைந்துவிட்டது, அதில் எனக்கு மகிழ்ச்சியே.

ஸ்ட்ரீமிங் நிறுவனங்களுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். முன்பு ஓர் ஊர் நிலையத்தால் காட்ட முடியாத நூற்றுக்கணக்கான தொடர்களை அவை கொண்டுவந்து குவித்தன. 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘அடலசென்ஸ்’, நான்கே பகுதிகள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் எடுக்கப்பட்டது. இந்த நாட்டுப் பெற்றோர்களைத் தூங்கவிடாமல் செய்தது. ‘கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ இன்று நெட்ஃபிளிக்ஸில் கிடைக்கிறது. ஆனால் அதை 2014 இறுதியில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது பிபிஎஸ். பேக் ஆஃப் என்ற பெயருக்குப் பில்ஸ்பரி நிறுவனம் உரிமை வைத்திருந்ததால், இங்கே ‘பேக்கிங் ஷோ’ என்று பெயர் மாற்றியே வந்தது. வென்றவருக்குப் பணப் பரிசு கிடையாது, எழுத்துப் பொறித்த ஒரு கேக் தட்டுதான். போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்து உதவுவார்கள். கூச்சலும் சூழ்ச்சியும் நிறைந்த அமெரிக்கப் போட்டி நிகழ்ச்சிகளுக்கு நடுவில் இது எடுபடும் என்று முதலில் நம்பியது யார்? பொதுத் தொலைக்காட்சி. வெற்றி உறுதியான பிறகு பெரிய பணம் வந்தது.

இந்த வரிசை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அதனால்தான் கவலைப்படுகிறேன். முதல் துணிச்சலைச் செய்ய ஆள் இல்லாவிட்டால், பின்னால் வருகிற பெரிய பணம் எதை நாடி வரும்? செயலிகள் நாம் ஏற்கெனவே பார்த்ததைப் போன்றதையே மறுபடி நீட்டுகின்றன. கொலைத் துப்பறிதல் பார்த்தவருக்கு இன்னொரு கொலைத் துப்பறிதல். நமக்குப் பிடிக்கும் என்று நமக்கே தெரியாத ஒன்றை, ஒரு மனிதர் பொறுப்பெடுத்துக்கொண்டு நம் முன் வைப்பது அங்கே அரிது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் வெறும் நேயர்கள் மட்டும் இல்லை. பல தொடர்கள் எடுக்கப்படுவதிலேயே நமக்குப் பங்கு உண்டு. மாஸ்டர்பீஸ் பல தொடர்களின் இணைத் தயாரிப்பாளர். 2004இல் எண்ணெய் நிறுவனம் விலகிய பிறகு, வேறு நிறுவனங்களின் ஆதரவோடு நேயர்கள் தந்த நன்கொடையும் அதைத் தாங்குகிறது. ‘வுல்ஃப் ஹால்’ தொடரின் இரண்டாம் பாகத்தை எடுக்கப் பணம் போதாமல், இயக்குநர் பீட்டர் காஸ்மின்ஸ்கியும் நடிகர் மார்க் ரைலன்ஸும் மற்றவர்களும் தங்கள் ஊதியத்தில் பெரும் பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். அதை பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவிடம் காஸ்மின்ஸ்கியே தெரிவித்தார். பிபிசியின் உரிமக் கட்டணம் மட்டும் இப்படிப்பட்ட தொடர்களுக்குப் போதாத காலம் இது. கடலுக்கு இந்தப் பக்கமிருந்து போகும் பணமும் சுருங்கினால், ஹிலரி மான்டெல்லின் நாவலை இவ்வளவு பொறுமையோடும் நுட்பத்தோடும் எடுக்க இனி யார் துணிவார்கள்?

‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்’ தொடரை நினைத்துப் பாருங்கள். கணினிப் பிழையால் திருட்டுப் பட்டம் சுமந்த கிளை அஞ்சலக நடத்துநர்களின் கதை. அவர்களில் இந்திய வம்சாவளியினரும் பலர். 2024 ஜனவரியில் ஐடிவியில் நான்கு இரவுகள் வந்தது. பல்லாண்டு அசையாத அரசு அசைந்தது; அதே ஆண்டு மே மாதம் நூற்றுக்கணக்கானோரின் தண்டனைகளைத் துடைத்தெறியும் சட்டம் நிறைவேறியது. அந்தத் தொடரை ஏப்ரலில் நமக்குக் காட்டியதும் மாஸ்டர்பீஸ்தான். ஒரு நாட்டின் மனசாட்சியைத் தொட்ட கதை இன்னொரு நாட்டின் வரவேற்பறைக்கு வருவதற்கு இப்படி ஒரு வழி வேண்டும்.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

உங்கள் ஊர்ப் பொது நிலையம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். நாடு முழுவதும் முந்நூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. பெருநகர நிலையங்களுக்கு அரசுப் பணம் வரவில் ஒரு சிறு பங்காகவே இருந்தது. நன்கொடையாளர்களை வைத்து அவை சமாளிக்கலாம். கிராமப்புற நிலையங்கள் பலவற்றுக்கு அதுவே உயிர்நாடியாக இருந்தது. உங்கள் சொந்த ஊர் அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், இப்போது நீங்கள் எங்கே குடியிருந்தாலும் அந்த ஊர் நிலையத்துக்குக் கொடுங்கள்.

மாதாமாதம் கொடுங்கள். ஒரே தடவை பெரிய தொகையைவிட, நிலையம் நம்பித் திட்டமிடக்கூடிய சிறு தொகை அதிகப் பயன் தரும். உறுப்பினர்களுக்கு பிபிஎஸ் பாஸ்போர்ட் வழியாகப் பழைய பருவங்களைப் பார்க்கும் வசதியும் கிடைக்கிறது. ஒரே தொடர் செயலியிலும் நிலையத்திலும் கிடைத்தால், நிலையத்தின் வழியாகப் பாருங்கள்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். எது பிடித்தது, எது வேண்டும் என்று சொல்லுங்கள். எந்தத் தொடரை எத்தனை மணிக்குப் போடுவது என்று தீர்மானிப்பவர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார். அவருக்கு வரும் கடிதங்களை அவர் படிக்கிறார்.

அடுத்த தலைமுறைக்கு அறிமுகம் செய்யுங்கள். அலிஸ்டர் குக்கின் நாற்காலி காலியாகிப் பல காலமாயிற்று. அந்த வேலையை இனி நாம் நம் வீடுகளில் செய்யலாம். ‘கால் தி மிட்வைஃப்’ பார்க்கும் மகளுக்கு, பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை 1948இல் எப்படி வந்தது, ஏழைப் பெண்களுக்கு அது எதை மாற்றியது என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். அவள் பார்க்கும் விதமே மாறிவிடும்.

கடந்த ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, நம் மாகாணங்களின் சிறு நகரங்களில் யாரோ ஒருவர் நாடாவைப் போட்டுப் பார்த்து, “இதை எங்கள் மக்கள் பார்க்க வேண்டும்” என்று முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவுகளின் கூட்டுத்தொகைதான் நம் ரசனை. டல்லஸின் டெவிலியரைப் போன்ற ஒருவர் நாளைக்கும் உங்கள் ஊர் நிலையத்தில் வேலையில் இருக்க வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்க அரசு பின்வாங்கிவிட்டது. இனி கொடுக்க வேண்டியவர்கள் நாம். இந்த வாரமே தொடங்குங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்களைப் போன்ற ஒரு நேயர்